மெத்தைக்குப் போட்ட சாம்பிராணி

அன்புள்ள அம்மாவுக்கு, லோஷினி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே தேக்கா சந்தையில் பூக்கடை வேலை பழகிவிட்டது. சுவா சூ காங்கில் நான் தங்கியிருக்கும் வீட்டு அமலா அக்கா, எனக்குப் புது ஃபோம் மெத்தை வாங்கித் தந்தார். பிரித்ததும் பெயிண்ட் டப்பாவுக்குள் தலையை விட்டதுபோல் ஒரே ரசாயன நாற்றம். சொல்லக் கூச்சப்பட்டு, நீங்கள் வீட்டில் செய்வதுபோல் கதவைச் சாத்திச் சாம்பிராணி போட்டேன். திடீரென்று புகை அலாரம் அலறியது. எதிர்வீட்டுக்காரர் ஃபோன் செய்துவிட்டார். வாசலில் தீயணைப்பு வீரர்கள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர்களில் ஒரு தமிழர் முகர்ந்து பார்த்து, "என்ன தங்கச்சி, மெத்தைக்குப் பூசையா?" என்றார்.

அமலா அக்கா துரத்திவிடுவார் என்று நினைத்துப் பையைக் கட்டினேன்.

"ஏன்டி, ஃபோம் பத்திக்கிட்டா நீ என்ன ஆகியிருப்பே? நாத்தம்னா என்கிட்ட சொல்லு லா!" என்று அக்கா கத்தினார். பிறகு, "சன்னலத் திறந்து ஃபேனைப் போட்டு வை, தானா போயிடும். அதுவரைக்கும் என் ரூம்ல படுத்துக்கோ" என்றார்.

இப்போது நாற்றம் போய்விட்டது, கவலைப்படாதீர்கள். மெத்தையில் எந்த வாசமும் இல்லை. மாமா இந்தப் பக்கம் வரும்போது உங்கள் தலையணை உறை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். எண்ணெய்க் கறை இருக்கட்டும், துவைக்க வேண்டாம்.

கடைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் லோஷினி