வெளியே வரும் வாசல்

ஏப்ரல் 6

மதியம் அம்மா போன் செய்தாள். தங்கையும் மாப்பிள்ளையும் அடுத்த மாதம் வெளிநாடு சுற்றப் போகிறார்களாம். கடல், மழைக்காடு, வருடம் முழுக்க வெயில். "என் மாப்பிள்ளை மாதிரி வருமா?" என்று பூரித்துப்போனாள். எந்தெந்த இடம் பார்க்கலாம் என்று எல்லோரும் குடும்பக் குழுவில் சொல்ல வேண்டுமாம். மாப்பிள்ளை உத்தரவு. கடைசியில் முடிவு செய்வது யார் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் தங்கை தனக்கென்று ஒரு ஜோடி செருப்பைக்கூடத் தானாக எடுத்ததில்லை.

ஏப்ரல் 9

பட்டியல் வந்துவிட்டது. பழைய கோட்டை, மிதக்கும் சந்தை, அருவி, கடைசியாக ஒரு தீவு. நான் சொன்ன கடற்கரை ஊரைக் காணோம்.

ஏப்ரல் 12

கோட்டை போச்சு. சந்தையும் போச்சு. இரண்டிலும் கூட்டமாம். மூன்று நாளாக இருந்த தீவு ஒன்பது நாளாகியிருக்கிறது. தேடிப் பார்த்தேன். அந்தத் தீவில் ஒரே ஒரு வீடு, வாரத்துக்கு ஒரு படகு, போன் எடுக்காது. "சின்னஞ்சிறுசுங்க, தனியா இருக்க ஆசைப்பட மாட்டாங்களா?" என்கிறாள் அம்மா.

ஏப்ரல் 15

தங்கை பேசினாள். வழக்கம்போல ஸ்பீக்கரில். பின்னால் அவர் கோப்பையைக் கரண்டியால் கலக்கும் சத்தம்.

"அக்கா, நானும் ஒரு இடம் சொல்லியிருக்கேன். பட்டாம்பூச்சிக் கூடம். பெரிய கண்ணாடி வீடாம். வெளிய வர்ற வாசல் பின்னாடித் தெருவுல தனியா இருக்காம். பாஸ்போர்ட்டை அவங்கவங்க கையில வச்சுக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்களாம்."

விளம்பரத் தாளை வாசிப்பதுபோல ஒப்பித்தாள். என் மூக்குக்கண்ணாடிக் கடையில் அப்போது கூட்டம். வைத்துவிட்டு, குழுவில் "பட்டாம்பூச்சியா? நீ என்ன பாப்பாவா?" என்று போட்டேன். மாப்பிள்ளை நான்கு சிரிப்புப் பொம்மை போட்டு அதையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

ஏப்ரல் 19

தங்கைக்கு அனுப்பிய பார்சல் வாங்க ஆளில்லை என்று திரும்பி வந்தது. அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இந்த மாசத்தோட காலி பண்றாங்களேம்மா. உங்ககிட்ட சொல்லலையா? அந்தப் பொண்ணோட தையல் மிஷினைக்கூடப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டாச்சு."

"திரும்பி வந்து எங்க இருப்பாங்களாம்?"

"திரும்பி வர்றதப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே."

ஒன்பது நாள் இல்லை அது. அவளைத் திரும்பக் கூட்டி வரும் எண்ணமே அவருக்கு இல்லை.

அம்மாகிட்ட சொன்னா, "உனக்கு அவரைக் கண்டாலே ஆகாது"ன்னு போனை வச்சுட்டா. போன வருஷம் தங்கச்சி பெட்டியோட ஓடி வந்தப்பவும் இதே அம்மாதான் அவர் அழுததைப் பாத்து இளகித் திருப்பி அனுப்பினா. நானும்தான் வாயை மூடிட்டு நின்னேன். அதை ஏன் மறைக்கணும்?

ஏப்ரல் 20

நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறவள் நான். இன்று ஒரு பெரியவருக்குக் கண் பார்க்கும்போது பாதியில் அப்படியே நின்றுவிட்டேன்.

வெளிய வர்ற வாசல். சின்ன வயதில் கூட்டமான இடத்துக்குப் போனால் அப்பா எங்கள் இருவருக்கும் சொல்வது ஒன்றுதான்: "தொலைஞ்சு போனா அழக்கூடாது. வெளிய வர்ற வாசல்ல போய் நில்லு. நான் வருவேன்."

கல்யாண வரவேற்பில் காலர்மேல் ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்ததற்கு மேடையிலிருந்து குதித்து ஓடியவர் நம் மாப்பிள்ளை. அந்தக் கூடத்துக்குள் அவர் காலை வைக்க மாட்டார். அவள் மட்டும்தான் போவாள். அவர் பூட்டி வைத்திருக்கும் பாஸ்போர்ட் அப்போது அவள் கையில் இருக்கும்.

மூன்று வருடத்தில் அவள் தேர்ந்தெடுத்த ஒரே இடம். அதை அடிக்க வச்சவ நான். பாவி.

ஏப்ரல் 21

அந்தக் கூடத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினால் சந்தேகம் வரும். நான்தான் வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவள் ஆயிற்றே. குழுவில் எழுதினேன்: "மாப்பிள்ளைக்குப் பூச்சின்னா உதறல். மேடையில குதிச்சது மறந்து போச்சா? பாவம், விட்டுருங்க." சித்தப்பா சிரிப்பாய்ச் சிரித்தார். பெரியப்பா மகன் பழைய போட்டோவைத் தேடி எடுத்துப் போட்டான்.

மாலையில் அவர்: "முதல் நாளே அங்கதான் போறோம். போதுமா?"

"கால் வலிச்சா வெளிய வர்ற வாசல்ல பெஞ்ச் இருக்காம்" என்று போட்டேன். தங்கை ஒரு கட்டைவிரல் பொம்மையை மட்டும் போட்டாள்.

ரோஷத்தில் அவரும் உள்ளே வந்துவிட்டால்?

ஏப்ரல் 23

டிக்கெட் போட்டுவிட்டேன். போக ஒன்று, வர இரண்டு.

மே 4

வெளியே வரும் வாசலில் பெஞ்ச் எதுவும் இல்லை. சுவரோரம் குந்தி எழுதுகிறேன். சுழலும் இரும்புக் கதவு, ஒரு காவலாளி, மண்டையைப் பிளக்கும் வெயில். கூடம் திறப்பது ஒன்பதுக்கு; பத்து மணிக்குள் அவள் வந்திருக்க வேண்டும். இப்போது பத்தே முக்கால். ஒரு குடும்பம் வந்தது. பிறகு இரண்டு பள்ளிப் பிள்ளைகள். பிறகு யாருமே இல்லை.

பதினொன்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நீலச் சட்டை. அவர்கிட்ட இதே நீலம் இருக்கு. அவரேதானா—

மே 5

விமானத்தில். நீலச் சட்டை வேறு யாரோ.

அதற்குப் பின்னால் இவள், என் தங்கை. கையில் பாஸ்போர்ட்டைத் தவிர ஒன்றும் இல்லை. "முதல் கதவு வரைக்கும் வந்துட்டாருக்கா. ஒண்ணே ஒண்ணு பறந்து வந்துச்சு. நின்னுட்டார்" என்றாள். நேராக விமான நிலையத்துக்கு ஓடினோம்.

ஏறுவதற்கு முன் போனைப் பார்த்தேன். அவரிடமிருந்து கடைசியாக வந்தது: "உங்க வீடு எனக்குத் தெரியும்." பூட்டை மாற்ற ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

சற்றுமுன் பணிப்பெண் வந்து, காப்பியா டீயா என்று இவளிடம் கேட்டாள். இவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டியைப் பிடித்தபடி அந்தப் பெண் காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து இவள், "டீ" என்றாள்.