ஒன்றரைக் கட்டை

சின்சினாட்டி,
7 அக்டோபர் 1974, திங்கள்

அன்புள்ள ஆர்வில்,

நான் நலம். கவலையெல்லாம் உன்னைப் பற்றித்தான். காலையிலிருந்து இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். ஊர் உலகம் உன்னை டேனி ஸ்ட்ராண்ட் என்று அழைக்கட்டும். நான் எழுதுவது டேட்டன் நகர முடிதிருத்துநரின் மகன் ஆர்வில் ஸ்டக்கிக்கு.

இடுப்பு எலும்பு கூடிவருகிறது. இன்னும் ஐந்து வாரம் படியிறங்கக் கூடாது என்கிறார் மருத்துவர். ஆகவே இருபத்தாறு ஆண்டுகளில் நான் பியானோவில் இல்லாமல் நீ பாடப்போகும் முதல் நிகழ்ச்சி, வரும் சனிக்கிழமைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிதான். அதுவும் நேரடி ஒளிபரப்பு.

நேற்று லாஸ் ஏஞ்சலிஸில் உன்னை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு முறை மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். மூன்றாவது முறை நீயே எடுத்து, "என்ன புரொபசர், நான் இல்லாம போரடிக்குதா?" என்றாய். இங்கே மழை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இங்கே மழை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

1963 மார்ச்சில் டொலீடோவில் உனக்குச் சளி பிடித்திருந்தது. உன் மனைவி விவியன் உன்னை விட்டுப் பிரிந்த வருடம் அது. நீ குதிரை ஏறி நடித்த படங்கள் நின்றுபோய், கார் கடைகளைத் திறந்துவைக்கப் போய்க்கொண்டிருந்தாய். 1951 படத்தில் நீ பாடி, உன்னைப் பெரிய ஆளாக்கிய அந்தப் படகுத்துறைப் பாட்டின் கடைசி வரியில், உச்சியில் குரலை நிறுத்தும் இடத்தில், உன் குரல் கிழிந்தது. அறைக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாய். மறுநாள் பகல் முழுவதும் நான் எல்லா வாத்தியங்களுக்கும் அந்தப் பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கி எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு இசைக்குறிப்பு நோட்டு வாசிக்கத் தெரியாது. நான் கொடுக்கும் சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவாய். அன்று அந்த வரியைச் சிரமமே இல்லாமல் பிடித்தாய். மேடையிலிருந்து வந்து என் முதுகில் ஓங்கி அறைந்து, "பாத்தியா புரொபசர், தொண்டை இருபது வயசுக்குத் திரும்பிடுச்சு" என்றாய்.

சளி போனதும் ஏற்றிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு ஏற்றவில்லை.

1967இல் இன்னும் அரைக் கட்டை. தொலைக்காட்சித் தொடரில் துப்பறியும் தந்தையாக நடித்து நீ மீண்டும் பெயர் வாங்கினாயே, அந்த 1971இல் மேலும் ஓர் அரை. மொத்தம் ஒன்றரைக் கட்டை. அந்த ஒரு பாட்டில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும்.

வாத்தியக்காரர்களுக்குத் தெரியும். சாக்ஸபோன் மோர்ட் என்னிடம் சண்டைக்கு வந்தான். "ஏன்யா, இந்தச் சுருதியில ஊத எனக்கு இன்னும் ரெண்டு விரல் வேணும். நீ தர்றியா?" என்றான். காரணத்தைச் சொன்னேன். "சரி விடு. என் வாய் ஊதறதுக்கு மட்டும்தான்" என்றான். இன்று வரை அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை இசைக்குழுவை நடத்தப்போகும் கெல்வின் ப்ராட்டைப் போன வெள்ளிக்கிழமை அழைத்து, என் நோட்டுகளை அனுப்புகிறேன் என்றேன். அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? படக் கம்பெனி கிடங்குலேந்து 1951 நோட்டையே எடுத்துட்டோம். அவரே பேப்பர்ல சொல்லியிருக்காரே, அன்னிக்குப் பாடின அதே சுருதியிலதான் இன்னிக்கும் பாடறேன்னு" என்றார். உனக்குச் சொல்லாததை அவரிடம் எப்படிச் சொல்வது? சரிங்க என்று வைத்துவிட்டேன். அதுவும் கோழைத்தனமாக இருக்கலாம்.

அந்தப் பேட்டி என்னிடமும் இருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை, ஆர்வில். உன்னைப் பொய்யனாக்கியது நான்.

ஒத்திகையில் நீ வாய்க்குள் முனகுவதோடு சரி. முழுக் குரலை நிகழ்ச்சிக்கு என்று எடுத்துவைத்திருப்பாய். ஆகவே மேடை ஏறும் வரை உனக்குத் தெரியப்போவதில்லை. டொலீடோவில் குரல் கிழிந்ததைக் கேட்டவர்கள் இருநூறு பேர். சனிக்கிழமை நாடே கேட்கும்.

செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ அன்றே அறிந்திருந்தால், வயதுக்குத் தக்க வேறு பாட்டுகளைத் தேடிப் போயிருப்பாயோ என்னவோ. இசைக் கல்லூரியில் ஆறு ஆண்டு படித்தேன். ஒரு பாடகனின் வயதை அவனிடமிருந்தே ஒளித்துவைக்கும் உரிமையை அங்கே யாரும் எனக்குத் தரவில்லை.

நான் சொல்வதை நம்பாவிட்டால், கதவைச் சாத்திக்கொண்டு உன் பழைய இசைத்தட்டைப் போட்டு, அதோடு சேர்ந்து முழுக் குரலில் பாடிப் பார். ஒருமுறை போதும். தொண்டையை வருத்திக்கொள்ளாதே.

இருபத்திரண்டு வாத்தியங்களுக்கான நோட்டுகளும் இதே உறையில் உள்ளன. மேலே 'புதிய அமைப்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ப்ராட்டிடம் நீயே கொடு. எனக்கு இப்படித்தான் வேண்டும் என்று சொன்னால் அவர் காரணம் கேட்கமாட்டார். உண்மையைச் சொல்லிக் கொடுத்தாலும் சரி, அது உன் விருப்பம். இந்த முறையாவது சுருதி உனக்குத் தெரிந்து இறங்கட்டும்.

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். என்மீது உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. இனி என் பக்கம் திரும்ப வேண்டாம் என்று தோன்றினால், அதையும் அன்றைக்கே முடிவு செய். சனிக்கிழமை மட்டும் என் கையெழுத்தை நம்பிப் பாடு.

இப்போது உனக்கு இருக்கிற இந்தக் குரல் நன்றாகவே இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக அதைக் கேட்டவன் சொல்கிறேன். அது நெடுநாள் நலமாக இருக்கட்டும்.

என்றும் உன்,
எம்மெட் லிண்ட்க்விஸ்ட்