வாலுவின் பாதிச் சைகை

மார்ச் 9

அன்புள்ள டீச்சர்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். படகில் வாலு என் சட்டையைக் கிழித்ததைத் தவிர வேறு சேதாரம் இல்லை. இது ஆற்று நடுவில் ஒரு தீவு. தபால் வாரத்துக்கு ஒருமுறை படகில் வரும். செல்போனுக்கு இங்கே வேலையே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் சிம்பன்சிக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பழகும்வரை வாலுவை ஓரத்தில் ஒரு கூண்டில் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். பால் குடிக்கும் குட்டியாக ஆராய்ச்சிக்காக நம் வீட்டுக்கு வந்தவள், மனிதர்களைத் தவிர யாரைத் தெரியும் அவளுக்கு? இலை கொடுத்தால் முகர்ந்துவிட்டு என்னிடமே திருப்பித் தருகிறாள். காவல்கார அம்மாவிடம் நீ கற்றுக்கொடுத்த சைகையில் "டீ", "சாவி", "செருப்பு" என்று மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறாள். "என்ன சார், இதுக்கு உடம்பெல்லாம் அரிப்பா?" என்றார் அந்த அம்மா. அரிப்பில்லை, பேசுகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனி அவளை வீட்டில் வைத்திருக்க முடியாது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே. மூன்று மாதம் பொறுத்துக்கொள். அவளைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டு வந்துவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன்,
ஆராய்ச்சி


மார்ச் 28

என்னங்க,

கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். என் பிள்ளைகளுக்குக் காது கேட்காதே தவிர முகம் நன்றாகப் படிப்பார்கள். "வாலு அழுதாளா?" என்று ஒருத்தி கையால் கேட்டாள். சார்தான் அழுதிருப்பார் என்று சொல்லி வைத்தேன்.

வாலே இல்லாத இனத்துக்கு வாலு என்று பெயரா என்று என்னைக் கிண்டல் செய்வீர்களே. பண்ணின சேட்டைக்கு வைத்த பெயர் அது. அவளுக்கு எட்டக்கூடாது என்று சர்க்கரை டப்பாவைப் பரணில் வைத்தோம், இன்னும் முக்காலி போட்டு ஏறித்தான் எடுக்கிறேன். கீழே இறக்க மனசு வரவில்லை.

குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே பாட்டன் என்று மேடை மேடையாகப் பேசினீர்கள். அப்படியானால் அவள் நமக்குப் பங்காளி முறை. பங்காளியை மகளாக வளர்த்தால் இப்படித்தான், பங்கு பிரித்துவிட்டாள். என் பங்குக்கு வீடு, உங்கள் பங்குக்கு அவள்.

என்னைக் கேட்கிறாளா? உள்ளங்கையில் கட்டைவிரலைத் தேய்ப்பாளே, சாக்பீஸ் மாதிரி, அதுதான் நான். செய்தால் எழுதுங்கள். செய்யாவிட்டாலும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கையால் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் கைக்கு வேலை இல்லை, வாய்க்கும் இல்லை. மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான், சொல்லிவிட்டேன்.

உங்கள்,
டீச்சர்


ஜூன் 6

அன்புள்ள டீச்சர்,

கோபப்படாதே. மூன்று மாதம் போதவில்லை.

போன வாரம் கூட்டத்திலேயே மூத்தவளைக் கூண்டுக்குள் விட்டார்கள். கிழவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். வந்ததும் வராததுமாக அவள் கையிலிருந்த பழத்தை வாலு பிடுங்கினாள், எல்லாம் நம் வீட்டுச் செல்லம். கிழவி விரலைக் கடித்துவிட்டாள். உடனே வாலு பல்லெல்லாம் தெரிய இளித்தாள். நாம் சிரிப்பு என்று நினைத்து ஓடி ஓடிப் போட்டோ எடுப்போமே, அது பயம். பெரிய மனிதர்கள் முன்னால் நாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதும் கிட்டத்தட்ட அதுதான். கொஞ்ச நேரம் கழித்துக் கிழவி தானாக வந்து கையை நீட்டினாள், பிறகு உட்கார்ந்து வாலுவுக்குப் பேன் பார்த்தாள். பேனும் இல்லை ஒன்றும் இல்லை, சண்டை முடிந்தது என்று அர்த்தம். நாமாக இருந்தால் வாரக்கணக்கில் தட்டை நங்கென்று வைத்துக்கொண்டு திரிந்திருப்போம்.

ஒரே ஒரு கவலை. சைகையை மறந்துகொண்டு வருகிறாள். சாயங்காலம் நான் கிளம்பும்போது "போயிட்டு வா" சொல்ல வேண்டும் இல்லையா? கையை வெளியே தள்ளுகிறாள், அதோடு சரி. நெஞ்சுப் பக்கம் இழுக்கும் இரண்டாவது பாதியைச் செய்வதே இல்லை. கம்பிக்குள் கைவிட்டு நானே அவள் கையைப் பிடித்து முடித்து வைக்கிறேன். மழைக்காலம் முடியும்வரை இருந்து இதைச் சரிசெய்துவிட்டு வருகிறேன்.

சாக்பீஸ் சைகை இன்னும் செய்யவில்லை. எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

உன்,
ஆராய்ச்சி


ஜூன் 25

என்னங்க,

போதவில்லை என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! சரி, அது கிடக்கட்டும்.

அவள் மறக்கவில்லை. அந்தச் சைகையைக் கற்றுக்கொடுத்தவள் நான். நம் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை, யாரையும் "போ" என்றும் சொல்வதில்லை. அதனால் போவதையும் வருவதையும் ஒட்டி ஒரே சைகையாகத்தான் அவளுக்குக் கொடுத்தேன். தனியாக ஒரு "போ" அவளிடம் கிடையாது. ஒட்டிக் கொடுத்ததை அவளே பிரித்திருக்கிறாள். கற்றுக்கொடுத்ததைத் திருப்பிச் செய்யாமல் தன் மனதில் இருப்பதைத் தானாகச் சொல்வாளா என்று வருஷக்கணக்கில் காத்திருந்தீர்கள். சொல்லியிருக்கிறாள். நீங்கள் அதைப் பிழை என்று கையைப் பிடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள், ஆராய்ச்சி அவர்களே!

உங்களைப் போகச் சொல்கிறாள். கூண்டு வாசலில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் அந்தக் கிழவியோடு அவள் எப்படிப் போவாள்?

வந்துவிடுங்கள். இத்தனை நாள் கேலியாக எழுதினேன், இப்போது நேராகவே எழுதுகிறேன். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை கடைக்காரரிடம் ரொட்டி கேட்கும்போது குரலே எழும்பவில்லை. முந்தைய நாள் முழுக்க ஒருவரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு இனி நீங்கள் வேண்டாம். எனக்கு வேண்டும்.

உங்கள்,
டீச்சர்


ஜூலை 30

அன்புள்ள டீச்சர்,

நீ சொன்னதுதான் சரி. கூண்டுப் பக்கமே போகாமல் தீவின் மறுகோடியில் தங்கிவிட்டேன். அந்த வாரமே கூண்டைத் திறந்தார்கள், வாலு கிழவியின் பின்னால் காட்டுக்குள் போய்விட்டாள். தொலைநோக்கியில் பார்த்தேன். சாயங்காலம் கிளைகளை வளைத்து மரத்தில் படுக்கை கட்டப் பார்த்தாள், சரிந்து சரிந்து விழுந்தது. கடைசியில் கிழவியின் படுக்கையிலேயே போய் ஒண்டிக்கொண்டாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன் உட்கார்ந்து அழுதேன்.

பெட்டி கட்டிவிட்டேன், சத்தியமாக. நான் ஏற வேண்டிய படகில் ஒரு சிம்பன்சிக் குட்டி வந்து இறங்கியது. தாயை யாரோ சுட்டுவிட்டார்களாம். இங்கே இருக்கும் மிருக டாக்டர் அதைத் தூக்கி என் மேல் விட்டார். இரண்டு கை, இரண்டு கால், நாலாலும் சட்டையைப் பிடித்தது, இன்னும் விடவில்லை. ஒற்றைக் கையால் எழுதுகிறேன், கோணல் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மனிதக் குழந்தையும் பிறந்ததும் விரலைக் கொடுத்தால் இறுகப் பிடிக்கிறது. என்றைக்கோ தாயின் ரோமத்தைப் பிடித்துத் தொங்கிய பழக்கம் அது. ரோமம் போய்விட்டது, பிடி மட்டும் மிச்சம்.

யாராவது ஒருவர் எப்போதும் உடம்போடு வைத்திருந்தால்தான் இது பிழைக்குமாம், ஒரு வருஷமாவது. நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டு எழுதிப் பதில் வரும்வரை இது தாங்காது. நீ இங்கே வந்துவிடேன். அறை சின்னதுதான், ஆனால் ஆற்றைப் பார்த்து ஒரு ஜன்னல் இருக்கிறது. இதற்குப் பெயரும் நீதான் வைக்க வேண்டும்.

உன்,
ஆராய்ச்சி


ஆகஸ்ட் 17

என்னங்க,

குட்டியைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தாயில்லாதது, பிடித்தால் விடாதுதான்.

நான் வரவில்லை. என் கையை நம்பிப் பேசும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். ஒரு வருஷம் கழித்து இந்தக் குட்டியும் காட்டுக்குள் போகும், நீங்களும் பெட்டி கட்டுவீர்கள், படகில் இன்னொன்று வந்து இறங்கும். உங்களைப் பற்றிக்கொண்டவர்களை உங்களால் உதற முடியாது. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். எனக்குத்தான் அப்படிப் பற்றிக்கொள்ளத் தெரியவில்லை. வந்துவிடுங்கள் என்று எழுத மட்டும்தான் தெரிந்தது. எழுதியதை மடித்து வைத்துவிடலாம், குட்டியை மடித்து வைக்க முடியுமா?

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். பள்ளிக்கூட விடுதியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள், சாப்பாட்டு மேஜையில் கூட நாலு பேர் இருப்பார்கள். உங்கள் புத்தகங்களை உங்கள் தம்பி வந்து எடுத்துப் போய்விட்டார். குளிருக்குப் போடும் அந்தப் பழைய கம்பளிச் சட்டையை மட்டும் இத்துடன் அனுப்புகிறேன். நல்ல கெட்டித் துணி, குட்டி பிடிக்கத் தோதாக இருக்கும்.

பெயர் வைக்க என்னைக் கேட்காதீர்கள். நீங்களே நல்லதாக ஒன்று வையுங்கள். வைத்ததை எனக்கு எழுத வேண்டாம்.

டீச்சர்