விழ மறுக்கும் கால்கள்

ரிபெய்ரா, சால்வடோர்
வியாழக்கிழமை

என் கண்ணு ஜுசாராவுக்கு,

இங்கே என் இடுப்பைத் தவிர எல்லாம் நலம். போர்ட்டோ குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். கபோயிரா சண்டையாட்டத்தில் கயிறு வாங்கிவிட்டாயா என்று கேட்டிருந்தாய். வாங்கவில்லை. "உன் உடம்புக்கு இதெல்லாம் ஜுஜுபிம்மா" என்று என்னை உசுப்பேற்றியதே நீதான், அதனால் முழுக்கதையையும் நீயே கேள்.

போன ஞாயிறு ஆட்டத்தில் புதியவர்களுக்கு ஞானஸ்நானம். வட்டத்துக்குள் எங்கள் ஆசான் மெஸ்த்ரேயோடு ஆட வேண்டும், கடைசியில் அவர் காலை வாருவார், விழுந்து எழுந்தால் இடுப்பில் கயிறு கட்டுவார், அவ்வளவுதான். தையல்கடை தையானே, காற்றடித்தால் பறக்கிற பெண், பூனை மாதிரி கை ஊன்றி விழுந்து எழுந்து கயிறோடு சிரிக்கிறாள். அடுத்து நான். மெஸ்த்ரே கிளாடியனோர் எலும்பும் தோலுமான மனிதர், என் கணுக்காலில் கொக்கி போட்டு இழுக்கிறார், நான் அசையவில்லை. வேண்டுமென்று இல்லையடி, கால் தானாக ஊன்றிக்கொண்டது. மறுபடி இழுத்தார். பதறிப்போய் அவர் இடுப்பைப் பிடித்தேன், மாவு அண்டா தூக்கிய பழக்கம், மனிதர் அந்தரத்தில் நிற்கிறார்! மத்தளக்காரன் சிரிப்பில் தாளத்தையே விட்டுவிட்டான். எதிர்வீட்டு யூனிஸ், "மெஸ்த்ரே, இன்னிக்கு ஞானஸ்நானம் உங்களுக்குத்தான்!" என்று கத்துகிறாள். இறக்கிவிட்டதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க பலத்துக்கு ஒரு கும்பிடும்மா, ஆனா கயிறு விழுந்தவங்களுக்குத்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து விழுங்க" என்று கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டார்.

எனக்கு எரிகிறது. காராமணி மாவு அடித்து அடித்து இரும்பான இந்தக் கை அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. மெத்தையைத் தரையில் போட்டு விழுந்து பழகுகிறேன். தையானே வந்து பார்த்து, "அத்தை, ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? மூச்சை விடுங்க, முழங்காலை மடக்குங்க, கை முதல்ல தரைக்குப் போகட்டும்" என்கிறாள். பேச அவளுக்கென்ன! உன் அப்பா போய்ச் சேர்ந்த வாரமே நான் விற்க அக்கராஜே வடை சுட எண்ணெய் காய வைத்தவள். அன்று நான் விழுந்திருந்தால் நீயும் உன் தம்பியும் எதைச் சாப்பிட்டிருப்பீர்கள்? அப்படிப் பழகிய கால் இன்று விழு என்றால் விழுமா?

உன்மேலும் கோபம்தான். டியோகோ உன்னை விட்டுப் போனதை உன் தம்பி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? போன் எடுத்தால் "நல்லாத்தாம்மா இருக்கேன்", அப்புறம் வேலை, ஜிம், எத்தனை கிலோ தூக்கினாய் என்கிற பெருமை. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா, அது என் குரல்தானே. என்னிடமிருந்து போயும் போயும் இதையா எடுத்துக்கொண்டாய்?

போன்ஃபிம் ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள், ராத்திரி வெறும் காபியோடு படுக்காதே. ஞாயிறு எப்படியாவது விழுந்துவிட்டு வந்து போன் செய்கிறேன். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதே. அழு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் கயிறு வாங்காத உன் அம்மா,
வால்டெலிஸ்