திருடப்படாத பாதி

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நலம். உன் நலத்தையும் உன் பெண் வாண்டுவின் நலத்தையும் விரும்புகிறேன். உன் வீட்டுக்காரரின் நலத்தையும் விரும்புவதாக எழுதினால் அது பொய். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிற முதல் கடிதத்தைப் பொய்யில் தொடங்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் தொழிற்சாலையில் நடந்ததை இதற்குள் தன் பாணியில் உனக்குச் சொல்லியிருப்பார். நான் வேண்டுமென்றே பழிவாங்க வந்தேன் என்று சொல்லியிருப்பார். அது உண்மைதான். மீதி விவரங்களில் அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். அவற்றை நான் சொல்கிறேன்.

பழைய கதையை நீ அவர் வாயால் மட்டுமே கேட்டிருக்கிறாய். அவரும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் வேலை பார்த்தோம். தோலிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால், தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வளரும். தீக்காயம் பட்ட ஒரு ஆளின் முதுகுக்கே அது காணாது. தட்டை விட்டுவிட்டு, துளைகள் நிறைந்த நார் மெத்தை ஒன்றை உருவாக்கினால், பஞ்சில் தண்ணீர் இறங்குவது போலச் செல்கள் உள்ளே இறங்கி இழைக்கு இழை ஒட்டிக்கொண்டு பெருகும் என்பது என் யோசனை. இழையின் பருமன், துளையின் அளவு எல்லாம் நான் போட்ட கணக்கு. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று நீயும் நானும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோமே, அந்த வாரம்தான் அவன் அதற்குத் தன் பெயரில் காப்புரிமை பதிவு செய்தான். சரி, செய்தார். பிறகு விருது மேடையில் ஏறி, "மனைவி வீட்டாரின் பொறுமைக்கு நன்றி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து நீயும் தட்டினாய். அதற்குப் பிறகுதான் நான் எழுந்து போனேன்.

ஆனால் அவர் திருடியது பாதியைத்தான். வளர்க்கும் பாதி. நாருக்குள் போன செல்களை உயிரோடு வெளியே எடுக்கும் பாதி அப்போது காகிதத்திலேயே இல்லை. என் தலைக்குள் இருந்தது. அங்கேயே வைத்துப் பூட்டிவிட்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இந்த வருஷம் வாய்ப்பு தானாக வந்து கதவைத் தட்டியது. அவர் கம்பெனியில் தோல் செல் வாங்கலாமா என்று பார்த்துச் சொல்ல, தீக்காய மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு நிபுணர் குழு அமைத்தன. தலைவியாக இருந்த மூத்த மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, அந்த இடத்தில் உங்களுக்கு உறவு யாராவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். யோசித்துத்தான் சொன்னேன்.

குழு வந்து இறங்கியபோது உன் வீட்டுக்காரர் கை குலுக்க வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும் நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு, "வாங்க சார்" என்றார். நான் அவருக்கு சார்! உறவைச் சொல்லியிருந்தால் என்னை அந்த நிமிஷமே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவரால் சொல்ல முடியாது. மச்சான் ஏன் இத்தனை வருஷமாக வீட்டுப் படி ஏறவில்லை என்று அடுத்த கேள்வி வருமே. நானும் "வணக்கம் சார்" என்றேன்.

உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பாய் போலச் சுருட்டிய வெள்ளை நார், அதன் ஊடாக ஓடும் இளஞ்சிவப்புச் சத்துநீர். என் நார்தான். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டார் சட்டை போட்டு நிறுத்தியிருப்பதைப் பார்த்தது போல இருந்தது. சுவர்த் திரையில் ஒரு கோடு கூரையைத் தொட ஏறிக்கொண்டிருந்தது. செல்கள் தின்ற சர்க்கரையை அளந்து, இத்தனை வளர்ந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் பேசி முடித்து, எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டும் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

பிறகு கேட்டேன்: உள்ளே எத்தனை வளர்ந்தது என்று காட்டிவிட்டீர்கள், வெளியே எத்தனை வந்தது?

அவர் தண்ணீர் குடித்தார். பக்கத்திலிருந்த பொறியாளர் தன் காலணியை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். அவர்கள் நாரில் எல்லாமே நுண்துளை. ஆழத்தில் இறங்கிய செல் இழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வராது. கழற்றுவதற்கு ஊற்றும் நொதி மேலே இருக்கும் செல்லைக் கொன்றுவிடும், உள்ளே இருப்பதைத் தொடாது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் மழுப்பத் தொடங்கினார். ஒரு தொட்டியை இப்போதே எங்கள் கண்முன் திறந்து எடுத்துக் காட்டுங்கள் என்றேன். அவர் நெற்றியில் வேர்வை பூத்ததைப் பார்த்தேன். தங்கையே, அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

அப்போதுதான் மூலையில் வெள்ளைக் கோட்டும் முகமூடியுமாக நின்ற ஒரு பெண் முன்னால் வந்து முகமூடியை இறக்கினாள்.

"எடுத்துக் காட்டுறேன் மாமா. அதுக்கு முன்னாடி, பிரஷர் மாத்திரை போட்டீங்களா? அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றாள்.

பல்லில் கம்பி போட்டுக்கொண்டு திரிந்த வாண்டு! பெரியவர் என்று மரியாதைக்கு மாமா என்கிறாயா, இல்லை சொந்தமா என்று தலைவி கேட்டார். "அம்மா கூடப்பிறந்த மாமா, மேடம். இருக்கிறதே ஒரு மாமாதான்" என்றாள். பிறகு என்ன, பத்து நிமிஷத்தில் நான் வராந்தாவில் நின்றேன். ஆய்வு தள்ளிவைக்கப்பட்டது. என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்களாம்.

என் பையைக் கொடுக்கிற சாக்கில் அவள் பின்னாலேயே வந்தாள். தெரிந்துதானே செய்தாய் என்றேன். ஆமாம் என்றாள். "நூத்துக்குப் பன்னெண்டுதான் வெளிய வருது மாமா. நீங்க கேட்டதை நான் ஒரு வருஷமா அப்பாகிட்ட கேட்டுட்டிருக்கேன்" என்றாள். அப்படியானால் என்னை ஏன் தடுத்தாய் என்றேன். "நீங்க பதில் வேணும்னா கேட்டீங்க? அப்பா முழிக்கணும்னு கேட்டீங்க" என்றாள். ஆமாம் என்றேன். அவளிடம் ஏன் மறைக்க வேண்டும்?

நான் வருந்தவில்லை. கேள்வி குழுவின் பதிவில் ஏறிவிட்டது. அடுத்து வருகிறவரும் அதைத்தான் கேட்பார்.

போகிற நேரத்தில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "துளையெல்லாம் ஒரே அளவா இருக்கக் கூடாது, நடுவுல அகலமா வாய்க்கால் விடணும். இழைமேல மெல்லிசா ஒரு கூழ்ப் பூச்சு. சூட்டைக் குறைச்சா அது ஊதி, செல் தானா பிடியை விட்டுடும். நொதியே வேண்டாம். சரிதானே மாமா?" என்றாள். நான் பூட்டி வைத்திருந்த பாதி அது. சாவி இல்லாமலே உள்ளே போயிருக்கிறாள். என் முகத்திலேயே பதிலைப் பார்த்துக்கொண்டாள். "தேங்க்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. அந்தப் பூச்சும் வாய்க்காலும் அவள் கண்டுபிடித்தவை. அவள் பெயரில் மட்டும்தான் பதிவாக வேண்டும். அடுத்தவர் யோசனை என்றால் உன் வீட்டுக்காரருக்குக் கை தானாக நீளும். பெற்ற பெண் என்று பார்க்கமாட்டார். நீ பக்கத்திலேயே இருக்கிறாய், பார்த்துக்கொள். ஒரு ஓரத்திலாவது அவர் பெயர் தெரிந்தால் நான் மறுபடி வருவேன். இப்போது நான் எந்தக் குழுவிலும் இல்லை. என் வாயைக் கட்ட யாராலும் முடியாது.

இன்னொரு விஷயம். எனக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்ததே மூன்று வருஷத்துக்கு முன்புதான். வாண்டுவுக்கு அது எப்படித் தெரியும்? உன் அண்ணியைக் கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனவள் திரும்பி வரவே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் எத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பெண் என்னை மடக்குவதற்காக உன் பெயரைச் சொன்னாளா, இல்லை நீ உண்மையாகவே கேட்கச் சொன்னாயா? அதை மட்டும் ஒரு வரி எழுது. என்னைச் சமாதானப்படுத்த எழுதாதே.

நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும். மாத்திரையை நான் ஒரு நாளும் விடுவதில்லை.

உன் அண்ணன்