குயவர்கள் தங்கிய ஊர்

ஜூன் 4

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். போன வருடம் உங்கள் வகுப்பில், ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் இருந்த வாயில்லாப் பூச்சியின் அம்மா நான். பாதி வருடத்தில் அவள் "இனி பள்ளிக்கூடம் வேணாம்" என்று காரணம் சொல்லாமல் படுத்துக்கொண்டதும், நான் வந்து பெயரை நீக்கச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது வீட்டிலேயே படிக்கிறாள். நான் திரைச்சீலை தைக்கிறவள். கூடம் முழுக்கக் கொடி கட்டித் துணிகளைத் தொங்கவிட்டிருப்பேன். அவற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் பாடம். பச்சைத்துணி தொங்கும் நாளில் குளத்துக்கு அடியில் குடியிருப்பது போலிருக்கும்.

கணக்கு எப்படியோ ஓடுகிறது. சரித்திரம்தான் பாடாய்ப் படுத்துகிறது. ஆகஸ்டில் கல்வி அலுவலகத்திலிருந்து சோதிக்க வருகிறார்கள். ஒரு சரித்திரப் பாடத்தைக் கொடுத்து, தலைப்பு, துணைத்தலைப்பு என்று பிரித்து ஒரு பக்கத்தில் குறிப்பெழுதச் சொல்வார்களாம். தேறாவிட்டால் திரும்பப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். இவளோ முழுப் பாடத்தையும் அப்படியே எழுதி வைக்கிறாள். ஏன் என்று கேட்டால், "எதை விடுறதுன்னு தெரியலம்மா. நான் விட்டுட்டா அவங்க எங்க போவாங்க?" என்கிறாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். கேட்க வேறு ஆள் இல்லை. தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மூன்றாவது பெஞ்சின் அம்மா


ஜூன் 15

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வழி ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு பத்தியை வாசிக்கட்டும், புத்தகத்தை மூடிவிடட்டும். நீங்கள் தைத்துக்கொண்டே "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். மிஷின் சத்தத்தையும் மீறி ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சொன்னதுதான் தலைப்பு. பிறகு "எப்படி?", "ஏன்?" என்று கேளுங்கள். அந்தப் பதில்களை இரண்டு விரல் உள்ளே தள்ளி எழுதட்டும். மீதியெல்லாம் புத்தகத்திலேயே பத்திரமாக இருக்கும், எங்கேயும் போய்விடாது என்று சொல்லுங்கள்.

வீட்டிலாவது பேசுகிறாளா? அந்த ஜன்னலோர இடத்தில் நான் யாரையும் உட்கார வைக்கவில்லை. கேட்கிறவர்களிடம் ஜன்னல் கொக்கி சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்


ஜூலை 9

டீச்சருக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தோம். ஆறு திசை மாறியதால் கைவிடப்பட்ட ஒரு பழைய தலைநகரத்தைப் பற்றிய பாடம். முதல் பத்தியை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு வந்தவள், "ஆறு கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சும்மா. ஊரு மட்டும் அங்கயே நிக்குது" என்றாள். என் கால் மிஷினில் தானாக நின்றுவிட்டது. வெளியே தூறல், உள்ளே நீலத்துணி அசைகிறது. கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் அந்த ஊரில்தான் நின்றிருந்தோம்.

ஆனால் ஒரு சிக்கல். அரசன் போனான், படை போனது, வணிகர்கள் போனார்கள் என்று பாடத்தில் மூன்று பக்கம். ஏழு குயவர் குடும்பங்கள் மட்டும் தங்கிவிட்டன என்று கடைசியில் ஒரே வரி. இவள் அதைத் தூக்கிப் பெரிய தலைப்பாகப் போட்டு, அரசனை அதற்குக் கீழே தள்ளிவிட்டாள். "போனவங்களப் பத்தி எல்லாரும்தான் எழுதுறாங்க" என்கிறாள். தப்பு என்றேன். தப்புதானே?

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று "டீச்சர் சொன்ன வழி இது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு துணிகளுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது. பாடத்தை அப்படியே எழுதியிருந்த அவள் நோட்டை நீங்கள் தூக்கிக் காட்டி, "இது நோட்டா, இல்ல அச்சாபீஸா?" என்று கேட்டீர்களாம். வகுப்பே சிரித்ததாம். அதற்கப்புறம் அந்த அறைக்குள் கால் வைக்கவே பிடிக்கவில்லையாம்.

இது தெரிந்திருந்தால் உங்களுக்கு எழுதியே இருக்க மாட்டேன். நீங்கள் சொன்ன வழி பலித்ததற்கு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது பெஞ்சின் அம்மா


ஜூலை 17

சகோதரிக்கு,

கேட்டேன். அதே வார்த்தைகள்தான். வகுப்பு மட்டுமல்ல, நானும் சிரித்தேன். அதை அவள் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அன்றைக்குத் தலைவலி, திருத்த நாற்பது நோட்டு இருந்தது என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் பெயரை நீக்க வந்த அன்றே காரணம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று உங்களைக் கேட்டேன். சிரித்ததைவிட அதுதான் என்னை அதிகம் அரிக்கிறது.

குயவர்களைப் பெரிதாகப் போட்டது தப்பில்லை. ஆனால் சோதனையில் கேட்பது, புத்தகம் எழுதியவர் எதைப் பெரிதென்று நினைத்தார் என்பதை. நோட்டின் இடது பக்கத்தில் அவருடையதை எழுதட்டும், வலது பக்கத்தில் தன்னுடையதை. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துவிட்டால் சரித்திரத்தில் பாதி வந்த மாதிரி.

சோதனை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை வந்து அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்கலாமா? அவளைக் கேட்டு எழுதுங்கள்.

டீச்சர்


ஆகஸ்ட் 23

டீச்சருக்கு,

தேறிவிட்டாள்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் துணிகளை விலக்கிக் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். மலையைக் குடைந்து பாதை போட்ட கதையைக் கொடுத்தார்கள். இடது பக்கத்தை முடித்துவிட்டு இவளே வாய் திறந்து, "இது புத்தகத்தோடது. என்னோடதும் எழுதட்டுமா?" என்று கேட்டாள். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா, "எழுதட்டும் சார், நமக்கும் டீ வரணும்ல" என்றார். நான் அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வலது பக்கத்தை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபின் உங்கள் கடிதத்தை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். திரைச்சீலை வளையங்களை விரலில் மாட்டிக் கழற்றிக்கொண்டே கேட்டாள். நீங்களும் சிரித்த இடம் வந்தது.

"அது தெரியும்மா" என்றாள். "நீ அவங்க லெட்டருக்குக் காத்துட்டு இருந்தியே. அதான் அத மட்டும் சொல்லாம விட்டுட்டேன்."

எனக்கு மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. மீதியை அவளே வாங்கி வாசித்தாள்.

"வரட்டுமான்னு கேக்கறாங்களே?" என்றேன்.

"இப்ப வேணாம்." வளையங்களையெல்லாம் டப்பாவில் போட்டு மூடினாள். அப்புறம், "எழுதினா படிக்கிறேன்" என்றாள்.

நான் அவளை மாற்றப் பார்க்கவில்லை. உங்களிடமும் மழுப்பவில்லை. என் கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை, ஆனாலும் தபால்காரர் மணி அடித்தால் வாசலுக்குப் போகிறேன்.

இனி எனக்கு எழுதாதீர்கள், டீச்சர். அவளுக்கு எழுதுங்கள். உறைமேல் அவள் பெயரையே போடுங்கள். நான் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவள் அம்மா