ரெட்டைக் கண்ணாடிக்கு நடுவில் பனி

நவ. 12, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். சம்பா வயலில் தண்ணீர் வரப்புக்குச் சமமாக. துணி காயாது.

காலை ஜெபத்தில் எல்லாப் பேரப்பிள்ளைகளையும் பேர் சொல்லி ஒப்புக்கொடுத்தேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

பீட்டர் - பெரியவன் அந்தோணியின் மகன். ஜெர்மனியில் கார் கம்பெனி இன்ஜினியர். இப்போது மேல்பதவி. அவனுக்குக் கீழே வெள்ளைக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள்.
ஷீபா - பீட்டர் தங்கை. டாக்டர் படிப்பு. பிணத்தை அறுத்தபோது கை நடுங்கவில்லையாம். என் கை வாகு அவளுக்கு.
வினோத் - மகள் ஜெசிந்தா பெற்றது. சென்னையில் பேங்க் ஆபீசர். சொந்த பிளாட், லிப்ட் வைத்தது.
டயானா - வினோத் தங்கை. பேச்சுப்போட்டியில் கோப்பை. கலெக்டர் கையால்.
ரோசி - செத்துப்போன சின்னவன் லாரன்ஸ் மகள். பன்னிரண்டாவது படிக்கிறாள். சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவள் நான். என் வயிற்று வழியாக இத்தனை.

ஹால் ஜன்னல் இன்றும் வெள்ளை. அந்தோணி இந்த வீட்டைக் கட்டும்போது ஜெர்மனி மாதிரியே வேண்டும் என்று போட்டது. ஒரே சட்டத்தில் இரண்டு கண்ணாடி, நடுவில் விரல் அகலத்துக்கு இடம், ஓரமெல்லாம் பசை வைத்து அடைப்பு. பஸ் ஹாரன் கேட்காது, ஏசி குளிர் வெளியே போகாது. திருவிடைமருதூர் வரைக்கும் யார் வீட்டிலும் இப்படி ஜன்னல் இல்லை. இப்போது அந்த நடு இடத்தில் பனி. வயல் தெரியவில்லை. கோயில் தெரு தெரியவில்லை. யார் யாரோடு போகிறார்கள் என்பதே தெரியவில்லை.

நேற்று அந்தோணி ஜெர்மனியிலிருந்து போனில் முகம் காட்டிப் பேசினான். எனக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்துவிட்டது.

"என்னம்மா அது, கண்ணாடி மோர் ஊத்துன மாதிரி இருக்கு?"

"உன் தம்பி பொண்டாட்டியக் கேளு. வாளித் தண்ணிய வாரி அடிச்சுக் கழுவுறா, மாட்டுக் கொட்டகையக் கழுவுற மாதிரி."

"கிறிஸ்துமஸுக்குப் பீட்டர் கட்டிக்கப்போற பொண்ணக் கூட்டிக்கிட்டு வரான். வந்து உக்காந்தா மொதல்ல அந்த ஜன்னல்தான் கண்ணுல படும். வீட்டப் பாத்துக்கட்டும்னுதானே அவங்க ரெண்டு பேரையும் அங்க வெச்சிருக்கேன்? அதுவும் முடியலன்னா பூம்புகாருக்கே போகட்டும், அவங்க அம்மா வீட்டுக்கு."

போனைப் பிடித்துக்கொண்டு நின்றவளே ஸ்டெல்லாதான், சின்னவன் பெண்டாட்டி. போன் ஆடவில்லை. அழுத்தக்காரி.

நவ. 13, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். முட்டிக்குத் தைலம் தீர்ந்தது.

ஸ்டெ. ஜன்னலை உள்பக்கம் துடைத்தாள். போகவில்லை. ஏணி போட்டு வெளிப்பக்கம். போகவில்லை.

"ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இருக்கு அத்தே. துணி அங்க போவாது."

"உன் புத்தி மாதிரி," என்றேன். ரோசி சிரித்துவிட்டாள். பிறகு அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் கருவேப்பிலை கேட்க வந்தாள். வேண்டியது கருவேப்பிலை இல்லை.

"என்ன பெரியம்மா, ஜன்னலுக்குக் கண்புரையா? ஒங்களுக்கு எடுத்த டாக்டர்கிட்டயே காட்டுங்களேன்."

"எங்கண்ணு தெளிவாத்தான்டி இருக்கு. ஒம்மவன் இந்தத் தடவையும் பாஸாகலங்கறது வரைக்கும் தெரியுது."

காப்பி குடிக்காமல் போனாள். மிச்சம்.

மத்தியானம் அம்மாவும் மகளும் போனில் வெள்ளைக்காரன் ஒருவன் ஜன்னல் பழுது பார்ப்பதைப் பார்த்தார்கள். ரோசி தமிழில் சொல்லச் சொல்ல ஸ்டெ. காலண்டர் தாளின் பின்னால் குறித்தாள். பிடி தளர்ந்து சிக்குவது. கதவு இறங்கி அடியில் உரசுவது. காற்றுக்கு விசில் சத்தம். நடுவில் பனி. இந்த ஜன்னலுக்கு அத்தனை வியாதியும்.

போன வருஷப் புயலுக்கு விசில் இல்லையே. மெழுகுவர்த்தித் திருநாளில் மந்திரித்து வாங்கிய வர்த்தியை ஏற்றி, ஜன்னல் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் வரிசையாக இருந்த ஓட்டைகளில் சொட்டுச் சொட்டாக விட்டு நான் அடைத்தேன். தெருவில் தென்னை விழுந்தது. என் வீட்டில் ஒரு கண்ணாடி உடையவில்லை. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

நவ. 14, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. வடகம் வெளியே வைத்தேன்.

ஸ்டெ. வேலையில் இறங்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல். பிடியின் மூடியை ஒதுக்கினால் உள்ளே திருகாணி. இறுக்கினாள். கீல் முழுக்க வயல் மண். பழைய பல் பிரஷ், சோப்புத் தண்ணீர், பிறகு தையல் மிஷின் எண்ணெய். கதவைத் தூக்கி நேராக்கும் திருகாணி கீலிலேயே இருக்கிறது. ரோசி அடியில் தாங்க, இவள் திருப்ப, உரசல் நின்றது.

ரப்பருக்கு ஒரு சோதனை. தாளை வைத்துக் கதவை மூடுவது, தாளை இழுப்பது. இறுக்கமாக வந்தால் ரப்பர் சரி. மேல் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கேதான் விசில்.

"தேங்காண்ணெ தடவுடி, இறுகும்," என்றேன்.

"எண்ணெ பட்டா ரப்பர் ஊதிப் போவும் அத்தே. புதுசு வாங்கிப் பொருத்திடுறேன்."

"எல்லாம் தெரிஞ்சவ. புருஷனக் காப்பாத்தத்தான் தெரியல."

ரோசி ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டாள். ஸ்டெ. "எடு" என்று மட்டும் சொன்னாள்.

பிடி இப்போது ஒரு விரலுக்குத் திரும்புகிறது. அவளிடம் சொல்லவில்லை.

நவ. 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பங்குச் சாமியாரிடம் பீட்டர் பதவியைச் சொன்னேன். போன வாரமும் சொன்னீர்கள் பாட்டி என்றார். புதுச் சாமியார், வயது போதாது.

வந்தால் ஸ்டெ. ஜன்னலுக்கு வெளியே ஈரத்தரையில் குந்தியிருக்கிறாள். கையில் விளக்குமாற்று ஈர்க்கு. அடிச்சட்டத்து ஓட்டைகளைக் குத்துகிறாள். மெழுகு புழுப் புழுவாக உதிர்கிறது. கடைசி ஓட்டையும் திறந்ததும் சட்டத்துக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. கறுப்புத் தண்ணீர், நாற்றம். உள்ளே கொசுப்புழு நெளிந்தது.

"அத்தே, இது மழத்தண்ணி வெளிய போறதுக்கு வெச்ச ஓட்ட. அடச்சதால தண்ணி உள்ளயே நின்னு, கண்ணாடி ஓரத்துப் பசையெல்லாம் ஊறிப் போச்சு. அதான் நடுவுல பனி. சட்டம் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி மட்டும் மாத்தணும்."

உள்ளங்கையை விரித்தாள். மஞ்சள் மெழுகு. வீட்டில் எரிப்பது வெள்ளை வர்த்தி. மஞ்சள், மந்திரித்தது, என் டிரங்குப் பெட்டியில் மட்டும்.

"யாரு வெச்சதுன்னு கேக்குறியா?"

"கேக்கல அத்தே."

கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பெரிய அத்தான் போன் பண்ணுனா நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க," என்றாள். "புயலுக்குப் பயந்து செஞ்சேன்னு சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ரோசிக்கு மார்ச்சுல பரீட்ச. அதுவரைக்கும் இங்க இருந்தாப் போதும் எங்களுக்கு."

"யாருடி பயந்தா?"

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பயந்தேனாம். மந்திரித்த மெழுகு எப்படிக் கெடுதல் செய்யும்? மழைக்கு ஜன்னல் செய்கிறவன் ஓட்டை வைத்துச் செய்தால் அது அவன் தப்பு. இதில் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒன்றுமில்லை.

நவ. 17, திங்கள்

மறுபடி தூறல். வடகம் வீண்.

சாயங்காலம் அந்தோணி. ஸ்டெ. மெழுகைப் போனுக்குக் காட்டி, ஓட்டை அடைபட்டிருந்ததைச் சொன்னாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"அங்க யாரு மெழுக வெச்சா?"

இவள் என்னைப் பார்த்தாள். ரோசி என்னைப் பார்த்தாள். ஜெபமாலை கையில் இருந்தது, ஒரு மணி தள்ளினேன்.

"அம்மா? யாரு வெச்சான்னு கேக்குறேன்."

"நான் அங்கல்லாம் குனிய முடியுமாப்பா? முட்டி வலிக்காரி. வீட்டுல மெழுகுவர்த்தி ஏத்துறது யாருன்னு நீயே நெனச்சுக்க."

"அப்பாயி, அந்த மஞ்ச வர்த்தி ஒங்க பெட்டி..." ரோசி.

"ரோசி, உள்ள போ," என்றாள் ஸ்டெ. சத்தமில்லாமல். மறுபடி என்னைப் பார்த்தாள். என் வாயாலேயே வரட்டும் என்று காத்திருக்கிறாளாம். மரியாதைக்காரி. நானும் காத்திருந்தேன்.

அந்தோணிதான் பேசினான். "புதன்கிழம கடையிலேருந்து கண்ணாடி மாத்த ஆள் வரும். அதப் பாத்துக் குடுத்துட்டு அவங்க கெளம்பட்டும். இன்னும் எதக் கெடுப்பாங்களோ. ரோசி பரீட்சய அங்கேருந்து வந்து எழுதட்டும்."

பூம்புகாரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். எழுதட்டும். பீட்டர் ஜெர்மனி வரைக்கும் போகவில்லையா.

ராத்திரிச் சாப்பாடு இட்லி. சட்னியில் உப்பு சரியாக இருந்தது. இந்த நேரத்திலும் உப்பு தவறவில்லை அவளுக்கு.

நவ. 18, செவ்வாய்

வானம் மூட்டம். பெட்டி கட்டுகிறார்கள்.

ஸ்டெ. ஒன்றொன்றாகச் சொன்னாள். காலை மாத்திரை வெள்ளை டப்பா, ராத்திரிக்கு நீலம். காஸ் வந்தால் யாருக்குப் போன். ஜன்னலை மூடிப் பிடியைக் கீழே திருப்ப வேண்டும், பாதியில் விடக் கூடாது. மழைக்கு முன்னால் அடிச்சட்டத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, வெளியே ஓட்டை வழியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நான் ஊத்திப் பாக்குறதா? வேலக்காரியா நான்?"

"சவரியம்மா அக்காகிட்டச் சொல்லியிருக்கேன் அத்தே. அவங்க வந்து ஊத்துவாங்க."

அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். என் வெள்ளித் தம்ளரைக் காணவில்லை. ரோசி அழுதாள். ஸ்டெ. ஒவ்வொரு துணியாக உதறிக் காட்டி, மறுபடி மடித்து வைத்தாள். லாரன்ஸ் சட்டை ஒன்று இருந்தது. அது என் மகன் சட்டை என்றேன். எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

தம்ளர் பிறகு சமையல்கட்டு மேல்தட்டில் இருந்தது. சொல்லவில்லை.

நவ. 19, புதன்

பளிச்சென்று வெயில்.

கண்ணாடிக்காரர்கள் காலையிலேயே வந்தார்கள். ஓரத்துப் பட்டையை நெம்பி எடுத்து, பழைய ஜோடிக் கண்ணாடியை அப்படியே தூக்கி, புது ஜோடியை உட்கார வைத்து, பட்டையைத் தட்டினார்கள். ஸ்டெ. கூடவே நின்று சட்டத்தைத் துடைத்துக் கொடுத்தாள். கண்ணாடி ஓட்டையை மறைக்காமல் அடியில் கட்டை வைக்கச் சொன்னாள். வந்தவன், "அக்கா கடையில வேல பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. இந்த வீட்டுல இருக்குறதுக்குப் பாத்தேன்," என்றாள்.

அவர்கள் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்ன தெளிவு. வயல், வரப்பு, கொக்கு, கோயில் கோபுரத்துச் சிலுவை, பஸ் நிற்கும் புளியமரம். கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"வரோம் அத்தே." பின்னால் சத்தம். நான் திரும்பவில்லை. ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அவர்களையும் பார்க்கும்படி ஆயிற்று. ஸ்டெ. தலையில் பை, கையில் பெட்டி. ரோசி முதுகில் புத்தகம். வரப்பு ஓரமாகவே புளியமரத்துக்கு. பாதி வழியில் ரோசி நின்று திரும்பி ஜன்னலைப் பார்த்து என்னவோ கத்தினாள். வாய் அகலமாகத் திறந்து மூடியது. நெடுநேரம். அம்மா இழுக்க இழுக்க.

ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகத்தானே இந்த ஜன்னல்.

நவ. 21, வெள்ளி

ரேடியோவில் புயல் சின்னம் என்கிறார்கள். நாகை பக்கம். காற்று இன்னும் எழவில்லை.

மாத்திரை வெள்ளையா நீலமா? வெள்ளை. சோறு குழைந்துவிட்டது. சவரியம்மாள் சொம்போடு வந்தாள், அடிச்சட்டத்தில் ஊற்றினாள், தண்ணீர் வெளியே வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் சொம்பைக் கவிழ்த்துக்கொண்டு போனாள். காப்பி கொடுக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள்.

மந்திரித்த வர்த்தியை மாதா படத்துக்கு ஏற்றினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோகவில்லை.

பீட்டர் கட்டிக்கப்போகிற பெண் வருகிறாள். ஹால் சுவரில் படம் ஒழுங்காக இருக்க வேண்டும். பெரிய படம், எல்லோரும் நிற்பது, போன தடவை அந்தோணி வந்தபோது எடுத்தது. ஓரத்தில் ஸ்டெ.யும் ரோசியும். இறக்கி, சட்டத்தைக் கழற்றி, பிளேடால் ஓரத்தை நறுக்கினேன். நேராகத்தான் வந்தது. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் பீட்டர் தோளில் ஒரு கை. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. ரோசி கை. அதை எடுக்க வேண்டுமானால் பீட்டர் தோளை அறுக்க வேண்டும்.

அந்தோணி போன் செய்தால் சொல்ல வேண்டியது: புதுப் படம் ஒன்று. நீ, பீட்டர், ஷீபா மட்டும் நிற்பது. பெரிய அளவு. போனில் அனுப்பாதே, எனக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தி எடுக்க மட்டும்தான் தெரியும், படத்தைத் திறந்து காட்ட இங்கே யாருமில்லை. தபாலில் போடு. சீக்கிரம் போடு.